வாய்க்கால் முறைச் சோறு

ஊர்களில் வேலை செய்யப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்குச் சிரிப்பு வருமா? வெயில், சேறு, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடப்பது இதெல்லாம் சீக்கிரமே பழகிவிடும். ஊர்க்கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது உள்ளுக்குள் சிரிக்கத் தெரியாதவர்கள்தான் இந்த வேலையை விட்டு ஓடிப்போனார்கள். நான் பார்த்தவரை அதில் படித்தவர்களும் உண்டு, நல்லவர்களும் உண்டு. நான் ஓய்வு பெறும்வரை ஓடாமல் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கூட்டம் எப்படிக் கூட்டுவது, தீர்மானம் எப்படி எழுதுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. ஒரு ஊர் தன் பள்ளிக்கூடத்துக்குச் சோறு போட்ட கதையை மட்டும் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது நானே இடையில் சிரித்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் அப்போது கிராம சேவிகா, ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் கவனிக்கும் அரசாங்க உத்தியோகம். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் பஸ் ஏறிக் கொள்ளிடப் பாலம் தாண்டி மண்ணச்சநல்லூரில் இறங்குவேன். அங்கே ஒரு அரிசி மில்லில் என் சைக்கிள் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு திருவெள்ளறைப் பக்கத்து ஊர்களுக்குப் போவேன். புடவை கட்டிய பெண் சைக்கிள் விடுவதை வேடிக்கை பார்க்க, நாய்கள் உட்பட ஊரே வெளியே வந்துவிடும். அதனால் கூட்டம் கூட்டுவதற்கு எனக்குத் தண்டோரா தேவைப்பட்டதே இல்லை.

அந்த ஊர்களில் ஒன்றில்தான் இது நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து, யார் வீட்டுச் சாம்பார் நன்றாக இருந்தது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்பார்கள்.

அங்கே ஒரே ஒரு வாத்தியார் நடத்தும் ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. காலையில் பிள்ளைகள் வருவார்கள். ஆஜர் சொல்வார்கள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால் அவ்வளவுதான், மாடு ஆடு கன்று என்று பறந்துவிடுவார்கள். பாதிப் பேருக்கு வீட்டிலும் சோறு இருக்காது. மத்தியானத்துக்கு மேல் வாத்தியாரும் கரும்பலகையும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இது மேலிடத்துக்குத் தெரிந்துபோயிற்று. சாயங்காலம்வரை பிள்ளைகள் உட்காராத பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் எதற்கு, இதை மூடிவிட்டுப் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சின்னப் பிள்ளைகளைத் தாண்ட விடுவதற்கு எந்தத் தாய்க்கும் மனசு வராது. மூடினால் அந்த ஊரில் படிப்பு அதோடு சரி.

வாத்தியார் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். மனிதர் ஒல்லி, கூச்ச சுபாவம், ஆனால் அந்தப் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்திலேயே மத்தியானச் சோறு போட்டால் பிள்ளைகள் போக மாட்டார்கள் என்று இருவரும் முடிவு செய்தோம். நான் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினேன். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து ஒரு கலயத்தில் போடுங்கள், பிள்ளைகளுக்காக, என்றேன். யாரும் மறுக்கவில்லை. கலயங்கள் நிரம்பின. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டரிடம்கூட என் பிடியரிசிப் பெருமையைச் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் எல்லா அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டி உலை வைத்தோம். நெல் விளையும் சீமையில் பிறந்தவள் நான். இதைச் செய்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். ஒரு வீட்டுப் பிடி பச்சரிசி. இன்னொரு வீட்டுப் பிடி புழுங்கல். ஒன்று மில் அரிசி, ஒன்று வீட்டில் குத்திய அரிசி. ஒன்று போன வருஷத்து நெல், ஒன்று நேற்று அறுத்த புது நெல். புது அரிசி குழைந்து கூழாயிற்று. குத்தின அரிசி அதற்குள் கல்லு கல்லாகக் கிடந்தது. கரண்டியை விட்டால் நிமிர்ந்து நின்றது. ஒரு பெண்குழந்தை ஒரு வாய் மென்றுவிட்டு, "டீச்சர், இதுல எதை முழுங்கணும், எதைத் துப்பணும்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அதற்குள் பெண்கள் அண்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பருக்கையை எடுத்து, இது இன்னார் வீட்டு அரிசி என்று அடையாளம் சொன்னாள். எங்க வீட்டு அரிசி பூ மாதிரி வெந்திருக்கு, உங்க வீட்டு அரிசிதான் கெடுத்துச்சு என்று இருவர் ஆரம்பித்தது, அவர்களுடைய பிறந்த வீடுவரை போயிற்று. மறுநாள் ஒரு கலயத்திலும் ஒரு பிடி இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு மூத்தவர் இருந்தார். எந்த ஊரில் எந்தக் கிணறு யாரால் வெட்டப்பட்டது, யாரால் தூர்ந்தது என்பதெல்லாம் தெரிந்தவர். அவரிடம் போய் ஊரே அடித்துக்கொள்கிறது, திட்டம் போச்சு என்று புலம்பினேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "சண்டை போடறாங்கன்னா சந்தோஷப்படும்மா. சண்டை கூடப் போடாத ஊர்ல நீ ஒண்ணும் பண்ண முடியாது. சண்டையை நிறுத்தாதே. அதுக்கு ஒரு வேலை குடு."

இவ்வளவுதான் சொன்னார். விளக்கம் கேட்டால் வெற்றிலையைக் காட்டி, வாய் நிறைய இருக்கிறது என்று ஜாடை செய்தார். இந்த மாதிரி மூத்தவர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேலை என்ன என்பது எனக்கு வாய்க்கால் கரையில்தான் பிடிபட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது ஒருவர் மடையைத் திறந்துகொண்டிருந்தார். இன்றைக்கு யார் முறை என்று சும்மா கேட்டேன். இன்றைக்குத் தன் முறை, நாளைக்கு இன்னார், அதற்கு மறுநாள் இன்னார் என்று கடைமடைவரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் மனப்பாடம். வேறு எதில் ஏமாற்றினாலும் தண்ணீர் முறையில் யாரும் ஏமாற்ற மாட்டார்கள். ஏமாற்றினால் மண்வெட்டி பேசும்.

அன்றைக்கே கூட்டம் போட்டேன். வயலுக்கு யார் முறையோ அன்றைக்குப் பள்ளிக்கூடத்துச் சோறும் அவர்கள் முறை, அவரவர் அரிசி, அவரவர் பக்குவம், கலப்பே கிடையாது என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள். நிலமில்லாத தெருக்காரர்கள் மட்டும், எங்களுக்கு வாய்க்கால் முறை இல்லையே, எங்க பிள்ளைகளுக்கு நாங்க போட வேண்டாமா என்று எழுந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் மடையை அடைத்து வைப்பார்கள், அது யாருக்கும் முறை இல்லாத நாள், அது எங்களுக்கு என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சாப்பிடும்போது பிள்ளைகளுக்குத் தெருவாரியாகத் தனித்தனி வரிசை வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தக் கூச்ச சுபாவ வாத்தியார் எழுந்து நின்று, மணி அடித்தால் முதலில் ஓடி வந்தவன் முதலில் உட்காருவான், வேறு வரிசை தனக்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டும் மனிதர் உட்காரவில்லை. முணுமுணுத்தவர்கள் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். சண்டைக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் வீட்டில் சோறும் குழம்பும். அடுத்த வீடு சும்மா இருக்குமா? அங்கே முருங்கைக்காய்ச் சாம்பார், பொரியல். அதற்கடுத்த வீட்டில் அப்பளம். அகிலாண்டம் என்று ஒரு அம்மாள், வாய்க்கால் தலைமடையில் நிலம் உள்ளவர், கை ரொம்பத் தாராளம், வாய் அதைவிடத் தாராளம். அவர் முறையன்று வடையும் பாயாசமும். மடை அடைத்த நாளில் அந்தத் தெருக்காரர்கள் வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு, சாப்பிடக்கூடாதவர்கள்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் வந்து காரணமில்லாமல் நின்றார்கள். ஓடிப்போகும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து சேர்ந்து, தாங்களும் இந்த ஊர்தான் என்று சத்தியம் செய்தார்கள்.

நான் ஆகாயத்தில் மிதந்தேன். ஒரு மத்தியானம் முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஒரே நிசப்தம். வாத்தியார் வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் அத்தனை பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்குகிறார்கள்.

தினமும் இப்படித்தான் என்றார் வாத்தியார் பரிதாபமாக. நிற்க வைத்துப் பாட்டுப் பாடச் சொன்னாராம். நின்றபடியே சுவரில் சாய்ந்து தூங்கினார்களாம். பள்ளியை மூடுவதா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு ஆள் வருகிறது, படிப்புக்கு வரவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். பந்தியைக் குறைக்கச் சொல்லி நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தூங்கக்கூடாது, சாப்பாடு எளிமையாக இருக்கவேண்டும். ஆனால் முதலில் அவ முறையில குறைக்கச் சொல்லுங்க என்று ஒவ்வொரு வீடும் எதிர்வீட்டைக் கை காட்டியது.

இந்த நேரத்தில்தான் வருகிற வியாழக்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. வாத்தியார் விரல் விட்டு முறையை எண்ணிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வியாழக்கிழமை மருதமுத்துவின் முறை.

மருதமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைமடைக்காரர். வாய்க்காலில் எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் அவருக்குத் தண்ணீர். வருமோ வராதோ என்று கரையில் உட்கார்ந்து உட்கார்ந்தே வயதானவர். அதனால்தானோ என்னவோ, எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று ஊரில் பெயர். முறை சுற்றி வந்து அவரை எட்டுவது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலில் ஊரே கூடியிருந்தது. மருதமுத்து விடியற்காலையிலேயே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அளவான அரிசி, வரப்பில் பறித்த கீரை, கொஞ்சம் புளி. ரசமும் கீரையும் போடப் போகிறாராம். அவருக்கு எதிரில் அகிலாண்டம் அம்மாள் பாயாசத்துக்குத் தேங்காய், வெல்லம், பருப்பு, நெய் என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டியதைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குக் கீரையா, ஊர் மானம் என்ன ஆவது, ஒரே ஒரு நாள் முறையை மாற்றினால் குடியா முழுகிவிடும் என்பது அவர் கட்சி. ஊரில் முக்கால்வாசி அவர் பக்கம். வாத்தியாரும் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

மருதமுத்து அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னார்: "காலம் பூரா எனக்குத் தண்ணி கடைசியாத்தான் வந்துச்சு. ஆனாலும் வந்துச்சு, ஏன்னா அது என் முறை. இன்னிக்கும் என் முறைம்மா. நீங்க சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வண்டி எந்த நேரமும் வரலாம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கீரைச் சோறு போட்டால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள் என்ற புத்தியெல்லாம் எனக்கு அப்போது இல்லவே இல்லை. நானும் பாயாசத்தைப் பார்த்து மயங்கித்தான் நின்றேன். ஒன்று மட்டும் உறைத்தது. ஒரு அதிகாரிக்காக இன்றைக்கு முறையை மாற்றினால், நாளைக்கு இன்னொரு காரணம் வரும். அதோடு கடைமடைக்காரரின் முறை போயிற்று, பிறகு எல்லோருடைய முறையும் போயிற்று. அந்த ஊரில் இதுவரை நாங்கள் கட்டியது அந்த முறை ஒன்றைத்தான். மூத்தவர் சொன்னதும் அப்போது காதில் விழுந்தது. இந்தச் சண்டைக்கும் ஒரு வேலை வேண்டும்.

பிள்ளைகள் பானை மருதமுத்து முறை, அதை யாரும் தொடக்கூடாது என்றேன். ஆனால் வருகிற விருந்தாளி எந்த முறையிலும் சேராதவர், அவரை அகிலாண்டம் அம்மாள் வீட்டில் உபசரிக்கட்டும் என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேங்காய், வெல்லம், நெய் எல்லாம் ஊர்வலமாக அவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின.

இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர் என்று பெயர். யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டாராம். வெயிலில் மாட்டுவண்டியில் குலுங்கி வந்து இறங்கினார். ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க என்றார் அகிலாண்டம் அம்மாள். தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார். தண்ணீருக்கு முன்னால் இலை வந்தது. இலையில் வடை வந்தது. மறுக்க வாயைத் திறந்தார், திறந்த வாய் அப்புறம் மூடவே இல்லை. பாயாசம் இரண்டாவது தடவை வந்தபோது அவரே டம்ளரை நீட்டினார் என்று அந்த அம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து, அங்கே இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கீரைச் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு, பொரிகிற கடுகு மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பாடு சொல்லுங்கள் என்றார். சொன்னார்கள். ஐந்தாம் வாய்ப்பாட்டில் அவர் தலை ஒரு தடவை ஆடியது. பலே என்று தலையாட்டுகிறார் என்று வாத்தியார் பூரித்துப்போனார். ஏழாம் வாய்ப்பாட்டில் தாடை மார்பில் இறங்கியது. எட்டு வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு, இன்ஸ்பெக்டருக்கு இருக்காதா?

வாத்தியார் நடுங்கிப்போய் என்னைப் பார்த்தார். எழுப்பினால் அவமானத்தில் கோபம் வரும். எழுப்பாவிட்டால் ஒன்றுமே பார்க்கவில்லை என்று போய்விடுவார். பாடத்தை நடத்துங்கள், சத்தமில்லாமல் நடத்துங்கள் என்று சைகை காட்டினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நடத்தினார் பாருங்கள், அந்த மாதிரி வகுப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாட்டைக் கிசுகிசுவென்று சொன்னார்கள். பிறகு ஒன்பது, பிறகு கணக்கு, பிறகு பாட்டு, எல்லாம் கிசுகிசுதான். ஜன்னலில் ஊரே நின்றது. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். எங்கேயோ ஒரு எருமை கத்தியது, அத்தனை பேரும் திரும்பி அதை முறைத்தார்கள். நான் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்து, கண்ணில் தண்ணீர் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஆயிற்று. பள்ளி விட வேண்டும். மணி என்பது அங்கே மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார்.

இன்ஸ்பெக்டர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். எதிரே பார்த்தார். அத்தனை பிள்ளைகளும் வரிசையாக, நிமிர்ந்து, கண்ணை அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலில் இருந்த ஊரைப் பார்த்தார். அவர் மேல்துண்டைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, வாத்தியாரிடம் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் ஒரு பிள்ளைகூட எழுந்து போகலை. நான் பாக்க வந்தது அதைத்தான். பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கட்டும்."

வாத்தியார் தண்டவாளத்தை இன்னொரு தடவை அடித்துவிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜன்னலில் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் உடைத்துக்கொண்டது. அகிலாண்டம் அம்மாள் உள்ளே வந்து, எல்லாம் நம்ம வீட்டுப் பாயாசத்தோட மகிமை, இனிமே என் முறைக்கு ரெண்டு பாயாசம் என்று அறிவித்தார்.

ஆனால் அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பாயாசம் காய்ச்சியது அதற்குப் பிறகு கிடையாது. கீரையும் ரசமும்தான், அந்த அம்மாள் முறையிலும். பந்தியைக் குறைக்க வீடு வீடாக ஏறி இறங்கிய என்னால் முடியாததை மருதமுத்துவின் ஒரு வார்த்தை முடித்துவிட்டது. அன்று சாயங்காலமே, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். முதலில் தலைமடைக்காரம்மாவைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். ஊரே கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்:

"என் சோத்தைத் தின்னவங்க யாரும் தூங்கலை."